ஆட்டிசக் குழந்தையும் வீட்டுப் பயிற்சியும் அதற்குத் திரட்டும் நிதியும்



இவ்வாண்டு நம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமொன்றில் ஒரு வேண்டுகோள் முன்வைக்கப்பட்டது. நம் பள்ளியில் பயிலும் மாணவி ஒருவரின் நான்கு வயதுத் தம்பிக்கு ஆட்டிசம் உள்ளதென மருத்துவர் கூறியுள்ளார்; அவனுக்கு வீட்டிலேயே பயிற்சியளிக்கக் குடும்பத்தார் நிதி திரட்டுகின்றனர்; பள்ளியும் கைகொடுக்க வேண்டும் என்பதே அவ்வேண்டுகோள். உடனே கேள்விகள் பல எழுந்தன. இஃது என்ன நோய்? மருந்து உண்டா? வீட்டில் பயிற்சி என்றால் யார் வருவார்? எத்தனை நாளைக்கு? கொடுக்கும் பணம் எங்கே போகும்? கேட்டவர்களைக் குறைகூற இயலாது. வியர்வை சிந்தி ஈட்டிய காசைக் கொடுப்பவர்க்குக் கேட்கும் உரிமை உண்டு. அக்கேள்விகளுக்கு நாம் அறிந்த அளவில் விடை கூறவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். குடும்பத்தின் பெயரை இங்கே குறிக்கவில்லை. ஊர் அறியும், ஆயினும் ஒரு குழந்தையின் பெயரை இதற்காக அச்சிலேற்ற வேண்டியதில்லை.

முதலில் ஆட்டிசம் என்பது யாதெனக் காண்போம். இதனை மதியிறுக்கம் என்று தமிழில் எழுதுவோரும் உளர். அச்சொல் பெற்றோரின் நெஞ்சை இறுக்குவதாக இருப்பதால் நாம் ஆட்டிசம் என்றே வழங்குவோம். 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்னும் மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்குழந்தைகள் மனிதரைவிடப் பொருள்களிடமே மிகுதியாக ஈடுபட்டனர். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தனர். வழக்கத்தில் சிறு மாற்றம் நேரினும் பெரிதும் கலங்கினர். ஆட்டிசம் மருத்துவ உலகில் தனியொரு நிலையாக அறியப்பட்டது அக்கட்டுரைக்குப் பின்னரே. அதற்கு முன்பும் இத்தகைய குழந்தைகள் இருந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. நம் தோட்டத்து லயங்களிலும் இருந்தனர். "பித்துப் பிடித்தவன்" என்றும் "காற்றுக் கருப்புப் பட்டவன்" என்றும் பெயரிட்டு, பூசாரியிடம் திருநீறு வாங்கிப் பூசி, மூலையில் உட்கார வைத்தோம்.

இது தொற்றுநோயன்று. மருந்துண்டு குணமாகும் காய்ச்சல் போன்றதுமன்று. பிறக்கும்போதே மூளை வளரும் விதத்தில் அமைந்துவிடும் வேறுபாடு ஆகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடமே இது மிகுதியாகக் கண்டறியப்படுகிறது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, கண்ணோடு கண் நோக்காமை, விரும்பும் பொருளைச் சுட்டிக் காட்டாமை, பேச்சு தாமதமாதல் அல்லது வந்த பேச்சு நின்றுபோதல், சிறு ஓசைக்கும் காதைப் பொத்திக் கொள்ளுதல் ஆகியவை பெற்றோர் கவனிக்கத்தக்க அடையாளங்கள். மாரியம்மன் திருவிழாவில் உறுமி முழங்கும்போது ஒரு பிள்ளை அலறித் தரையில் விழுந்தால் அது பிடிவாதம் என்று எண்ணிவிடுகிறோம். நமக்கு இன்பமாயிருக்கும் அவ்வோசை அப்பிள்ளையின் செவிக்கு வலியாகவே இருக்கலாம்.

தாய்மாருக்கு இவ்விடத்தில் ஒன்று கூறியாக வேண்டும். "பிள்ளையை ஆயா கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் சீவப் போனாள், அதனால்தான் இப்படி ஆயிற்று" என்று பேசும் வாய்கள் நம்மிடையே உண்டு. இப்பழிச்சொல் நம் ஊரில் மட்டும் பிறந்ததன்று. தாயின் அன்பு குளிர்ந்திருப்பதே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு அறிஞர்களே எழுதினர். புருனோ பெட்டல்ஹைம் என்பார் 1967இல் இக்கருத்தை ஒரு நூலாகவே வெளியிட்டார். பெர்னார்ட் ரிம்லண்ட் என்னும் உளநூலறிஞர், ஆட்டிச மகனின் தந்தை, அதற்கு முன்பே 1964இல் அக்கொள்கையை மறுத்து எழுதியிருந்தார். பின்னாளைய ஆராய்ச்சிகள் ரிம்லண்டின் பக்கமே நின்றன. தடுப்பூசியைப் பற்றிய அச்சமும் அத்தகையதே. 1998இல் பன்னிரண்டு குழந்தைகளை மட்டும் வைத்து அச்சத்தைக் கிளப்பிய கட்டுரையை, அதனை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனவே தாய் வேலைக்குப் போனதும் காரணமன்று. ஊசி போட்டதும் காரணமன்று.

இனி, வீட்டுப் பயிற்சி என்பது யாது? ஆட்டிசக் குழந்தை பிறரைப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொள்வது குறைவு. நம் பிள்ளைகள் அக்காள் கை கழுவுவதைக் கண்டு தாமும் கழுவுவர். ஆட்டிசப் பிள்ளைக்கோ அச்செயலைக் குழாயைத் திறத்தல், கையை நனைத்தல், சவர்க்காரம் தேய்த்தல் எனத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பன்முறை பழக்கி, செய்தவுடன் அவன் விரும்புவதைக் கொடுத்து ஊக்க வேண்டும். பேச்சும் விளையாட்டும் இவ்வாறே பயிற்றுவிக்கப்படுகின்றன. குழந்தை நெடுநேரம் இருக்கும் இடம் வீடேயாதலால், அங்கே கற்பிப்பதே நிலைக்கும் என்பது இம்முறையினர் கருத்து.

இம்முறைக்கு உலகளவில் பெயர் தேடித் தந்தது கலிபோர்னியாவில் ஐவர் லோவாஸ் என்னும் பேராசிரியர் 1987இல் வெளியிட்ட ஆய்வாகும். பத்தொன்பது சிறு குழந்தைகளுக்கு வாரம் ஏறத்தாழ 40 மணி நேரம், ஈராண்டுக்கு மேல், பெரும்பாலும் அவர்தம் வீடுகளிலேயே பயிற்சியளிக்கப்பட்டது. பயிற்றுவித்தோர் பல்கலைக்கழக மாணவர்கள். பெற்றோருக்கும் முறை கற்பிக்கப்பட்டது. ஒன்பது குழந்தைகள் சாதாரண வகுப்பில் பயிலும் நிலையை எட்டினர் என்று அவர் அறிவித்தார். செய்தி பரவியதும் மேல்நாடுகளில் பெற்றோர் பலர் வீட்டை அடகு வைத்தும், கடன்பட்டும், ஊராரிடம் நிதி திரட்டியும் இப்பயிற்சியை நாடினர். குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை என்றும், தண்டனையும் கையாளப்பட்டது என்றும் அவ்வாய்வின்மீது பின்னர் எழுந்த குறைகள் சிறியனவல்ல. இப்பயிற்சி பெற்று வளர்ந்த ஆட்டிசக்காரர் சிலரே, "எங்களை எங்கள் இயல்பிலிருந்து அடித்துத் திருத்தினர்" என்னும் பொருள்படப் பேசி வருகின்றனர். குழந்தை அழும் பயிற்சி, குழந்தை அஞ்சும் பயிற்சியாளர் ஆகிய இரண்டுக்கும் ஒரு காசும் கொடுக்கலாகாது என்பது நம் துணிபு.

நாற்பது மணி நேரத்தை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஆறாம் ஆண்டு மாணவர்களும் உடன் போட்டுப் பார்க்கலாம். பயிற்சியாளருக்கு மணிக்கு 30 வெள்ளி என்று மிகக் குறைவாகவே வைத்துக்கொண்டாலும் வாரத்துக்கு 1,200 வெள்ளி. நான்கு வாரத்துக்கு 4,800 வெள்ளி. 2025ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. கணவன் மனைவி இருவர் சம்பளத்தையும் அப்படியே எடுத்து வைத்தாலும் போதாது. எத்தனை உண்டியல் வைத்தாலும் ஈராண்டுக்கு நிரம்பாது. முதல் மாதம் ஊர் கொடுக்கும். இரண்டாம் மாதம் உறவினர் கொடுப்பர். ஐந்தாம் மாதம் வட்டிக்காரனே கொடுப்பான்.

ஆகவே இவ்வழி ஏழைக்கு அடைபட்டது என்று கைவிட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. பெற்றோரே ஆசிரியராகும் வழி நெடுநாளாக உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் எரிக் ஷாப்லர் என்பார் 1960களிலேயே பெற்றோரை உடன் பயிற்சியாளராகச் சேர்த்துக்கொண்டு பணியாற்றினார். 1972இல் அது மாநிலத் திட்டமாகவே ஏற்கப்பட்டது. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று 2016இல் வெளிவந்தது. இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பட்டம் பெற்ற நிபுணர்கள் அங்கே வீடுதோறும் செல்லவில்லை. பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்களே பெற்றோருக்கு வழிகாட்டினர். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றியே பேசுதல், பேசிவிட்டுக் காத்திருத்தல், குழந்தை செய்வதற்கு ஏற்ப மறுமொழி தருதல் ஆகியவற்றைப் பெற்றோர் கற்றனர். குழந்தைகள் தாமாகவே பெற்றோரிடம் ஒன்றைத் தெரிவிக்க முற்படுவது பெருகிற்று. எல்லாக் கூறுகளிலும் வெற்றி கிட்டியதென்று கூற முடியாது. ஆனால் வசதி குறைந்த குடும்பங்களிலும் இது நடக்கக்கூடியது என்பது தெளிவாயிற்று. இதனைப் போன்றதொரு பெற்றோர் பயிற்சிப் பாடத்தை உலகச் சுகாதார நிறுவனம் 2022 முதல் இணையத்தில் இலவசமாகவே வழங்கி வருகிறது.

திரட்டும் நிதியின் பெரும்பகுதி பயிற்சியாளரின் மணி நேரங்களை விலைக்கு வாங்கப் போகாமல், அம்மா, அப்பா, பாட்டி, அக்காள் ஆகியோரைப் பழக்கப் போக வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே. மாதம் இருமுறை ஒரு நிபுணர் வந்து வீட்டாருக்குக் கற்பித்து, அவர்கள் செய்வதைப் பார்த்துத் திருத்திச் சென்றால், இடைப்பட்ட நாள்களில் பயிற்சி தொடரும்; நிதி தீர்ந்த பின்னும் தொடரும். வெளியார் மட்டுமே பயிற்றுவித்தால் நிதி தீரும் நாளில் பயிற்சியும் தீரும். மற்றொரு செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிள்ளையை ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஆயர் தாவாரிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தல் வேண்டும். அன்றைய நாள் கூலி, குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் ஏறத்தாழ 65 வெள்ளி, போய்விடும். பெரும்பாலான குடும்பங்கள் சிகிச்சையை இடையில் நிறுத்துவது கட்டணத்தாலன்று. இந்த இழந்த கூலியாலும் வண்டிச் செலவாலுமே என்பது நம் அனுபவம். இவ்விழப்பை நிதியிலிருந்து ஈடுகட்டுவதில் தவறே இல்லை. "பயிற்சிக்குத்தானே கொடுத்தோம், பேருந்துக்கா கொடுத்தோம்" என்று கேட்பது முறையன்று.

மொழியைப் பற்றியும் கூற விரும்புகிறோம். தமிழ்ப்பள்ளியில் இருந்துகொண்டு கூறாதிருக்க இயலாது. "இவனுக்கு ஒரு மொழியே போதும், வீட்டில் தமிழை விட்டுவிடுங்கள்" என்று பெற்றோருக்கு அறிவுரை கூறுவோர் உளர். இருமொழிச் சூழலில் வளரும் ஆட்டிசக் குழந்தைகள், ஒரே மொழியில் வளரும் ஆட்டிசக் குழந்தைகளைவிடப் பேச்சில் பின்தங்குவதில்லை என்பதையே ஆய்வுகள் காட்டியுள்ளன. பாட்டிக்குத் தெரிந்தது தமிழ். தாலாட்டும் அதட்டலும் கொஞ்சலும் தமிழிலேயே வரும். தமிழை விட்டால் அவ்வீட்டில் பாதிப் பேர் அப்பிள்ளையிடம் ஊமையாகிவிடுவர். பேச்சுப் பயிற்சியாளருள் தமிழ் அறிந்தோர் நம் வட்டாரத்தில் அரியராதலால், பெற்றோர் கற்றுக்கொண்டு தமிழில் நடத்துவதே இயல்பான வழியுமாகும்.

லயத்து வீட்டிலும் குடியிருப்பு வீட்டிலும் இதனை எவ்வாறு நடத்துவது? தனியறை வேண்டியதில்லை. விலையுயர்ந்த விளையாட்டுப் பொருளும் வேண்டியதில்லை. காலையில் மைலோ கொடுக்கும்போது கோப்பையை நேரே நீட்டிவிடாமல், பாலையும் மைலோவையும் இரு கையில் பிடித்து, அவன் முகத்துக்கு நேரே குனிந்து, "பாலா? மைலோவா?" என்று கேட்டுப் பத்து எண்ணும் வரை காத்திருத்தல் ஒரு பாடம். கை நீட்டினாலும், பார்த்தாலும், "மை" என்று அரைச் சொல் சொன்னாலும் உடனே கொடுத்து மகிழ வேண்டும். பேச்சு வராத பிள்ளைக்குப் படங்கள் பெரிதும் உதவும். படத்தைக் கையில் கொடுத்துப் பொருளைக் கேட்கும் முறையை 1985இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் இருவர் வகுத்தனர். அது இன்று உலகெங்கும் வழக்கத்தில் உள்ளது. பேருந்து, சோறு, செருப்பு, கழிவறை என நாமே வரைந்து அட்டையில் ஒட்டிக் கொடுக்கலாம். நம் ஓவியப் பாட நேரம் ஒன்றில் இதனைச் செய்ய முடியும். ஒரு நாளின் வேலைகளை வரிசையாகப் படத்தில் தொங்கவிட்டால், அடுத்து என்ன நேருமோ என்னும் கலக்கம் அப்பிள்ளைக்குக் குறையும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், நாளுக்கு ஐந்தாறு தடவை எனத் தொடங்குவது போதும். அலுத்துப்போன தாய்க்கும் அது தாங்கக்கூடியதே.

நிதி கையில் சேர்ந்ததும் வேறோர் ஆபத்து வரும். பணம் இருக்கும் இடம் தேடிப் போலி மருத்துவரும் வருவர். 1998இல் செக்ரட்டின் என்னும் ஊசிமருந்து ஆட்டிசத்தைப் போக்குவதாகச் செய்தி பரவி, அமெரிக்கப் பெற்றோர் பெரும்பணம் கொடுத்து வாங்கினர். அடுத்த ஆண்டே 60 குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்ததில், உப்புநீர் ஊசியைவிட அது எவ்விதத்திலும் மேலானதன்று என்பது வெளிப்பட்டது. உடலிலிருந்து உலோகங்களை நீக்குவதாகக் கூறிய ஊசியால் 2005இல் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் உயிரிழந்தான். சலவைக்குப் பயன்படும் வெளுப்பு மருந்து போன்றதைக் குடிக்கக் கொடுக்கச் சொல்லும் கொடியோரும் உலகில் உளர். "ஆறு மாதத்தில் முற்றாகக் குணமாக்குவேன்" என்று எவர் கூறினும், எழுதித் தரச் சொல்லுங்கள். கோயிலில் வேண்டிக்கொள்வதை நாம் தடுக்கவில்லை. பயிற்சிக்குரிய காசை மந்திரவாதியிடம் கொண்டுபோய்க் கொடுப்பதையே தடுக்கிறோம்.

நிதி திரட்டும் முறைக்கு வருவோம். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திய பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. சிறு காசு பெருங்காரியம் செய்யும் என்பதற்கு நமக்கு வெளியூர்ச் சான்று வேண்டியதில்லை. சிறு காசு சேர்ந்ததற்குக் காரணம் ஒவ்வொரு பத்து வெள்ளிக்கும் இரசீது இருந்ததே. திருமணத்தில் மொய் எழுதுவோர் பெயரையும் தொகையையும் ஒரு வெள்ளி விடாமல் நோட்டில் குறிப்பதில்லையா? அதே கவனம் இங்கும் வேண்டும். குடும்பத்தின் கையில் ரொக்கமாகக் கொடுப்பதைவிட, குடும்பத்தில் ஒருவர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒருவர், கோயில் நிர்வாகத்தில் ஒருவர் என மூவர் பொறுப்பில் தனி வங்கிக் கணக்கு வைப்பது நன்று. மாதந்தோறும் வரவு செலவைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். வேண்டுகோளில் எத்தனை மாதத்திற்கு, எதற்கு, எவ்வளவு என்பது தெளிவாக இருக்க வேண்டும். பிள்ளை அலறும் படத்தை அதில் போட வேண்டாம். அவன் வளர்ந்து பெரியவனாகி அப்படத்தைக் காணக்கூடும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. வீடு வீடாகவும் தெருவிலும் நிதி வசூலிக்கக் காவல்துறையின் உரிமம் வேண்டும். 1947ஆம் ஆண்டுச் சட்டமொன்று இதற்கென்றே உள்ளது. கூட்டுப் பிடித்து அதில் வரும் கழிவைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு கூறினார். கூட்டு நடத்துவது 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது, வேண்டாம். உணவு விற்பனை நாளும், பழைய செய்தித்தாள் சேகரிப்பும், கோயில் மண்டபத்தில் ஒரு வேளை விருந்தும் எவ்வகைச் சிக்கலும் இல்லாதவை.

ஊரிடம் கேட்பதற்கு முன் அரசாங்கத்திடம் உரிமையாகப் பெறத்தக்கவற்றைப் பெற்றிட வேண்டும். 2008ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டத்தின்கீழ், சமூகநலத் துறையில் பதிந்து ஓ.கே.யு. அட்டை பெறலாம். ஆட்டிசம் அதில் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் அடங்கும். பெயர் கெட்டுவிடுமென்று அஞ்சி அட்டை எடுக்காத பெற்றோரை நாம் கண்டிருக்கிறோம். அட்டையால் அரசாங்க மருத்துவமனைக் கட்டணம் விலக்கப்படும், இழப்பு ஒன்றுமில்லை. சமூக அடிப்படையிலான மறுவாழ்வு மையங்கள், அதாவது பி.டி.கே., 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் முதன்முதலாகத் தொடங்கி நாடெங்கும் பரவியவை. அங்கும் பயிற்சி கிட்டும். பள்ளி வயது வந்ததும், சிறப்புக் கல்வி வகுப்பில் பதிந்த மாணவருக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகை உண்டு. கல்வியமைச்சு 2019 முதல் இத்தகைய பிள்ளைகளைப் பள்ளிகள் மறுக்கலாகாது என்னும் கொள்கையைக் கடைப்பிடித்து வருகிறது. தமிழ்ப்பள்ளிகளுள் சிறப்புக் கல்வி வகுப்புள்ளவை சிலவே என்பது நமக்கு வருத்தம்.

மாணவர்களே, உங்களிடம் பணம் கேட்கவில்லை. அத்தம்பி உங்கள் விளையாட்டுத் திடலுக்கு வந்தால், கூட்டமாகச் சூழாமல் ஒருவர் மட்டும் அருகில் செல்லுங்கள். அவன் பந்தைச் சுழற்றிக்கொண்டிருந்தால் நீங்களும் ஒரு பந்தை எடுத்து அவனருகில் சுழற்றுங்கள். சிறு வாக்கியமாகப் பேசுங்கள். பதில் வராவிட்டால் சினம் கொள்ளாதீர்கள், மறுநாளும் செல்லுங்கள். அவன் காதைப் பொத்தினால் கூச்சலைக் குறையுங்கள். அவனைப் போல் நடித்துக் காட்டிச் சிரிப்பதை மட்டும் எக்காரணத்தாலும் நாம் பொறுக்கமாட்டோம்.

தம் பிள்ளையைப் பற்றி ஐயமுள்ள பெற்றோர் காத்திருக்க வேண்டாம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அரசாங்க கிளினிக்கில் கேள்விப் பட்டியல் ஒன்றைக் கொண்டு சோதனை செய்வர். அதற்குக் குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தைக் கொண்டு செல்லுங்கள். ஐயம் உறுதிப்பட்டால் அங்கிருந்தே ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனைக்கோ ஈப்போவுக்கோ கடிதம் தருவர். மருத்துவர் கையொப்பமிட்ட பாரமும், பிறப்புச் சான்றிதழும், மைகிட் நகலும், குழந்தையின் படமும் ஓ.கே.யு. பதிவுக்குத் தேவைப்படும். மஞ்சோங் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் நேரிலும், இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். பாரம் நிரப்பத் தெரியாதவர்கள் வேலை முடிந்து பிற்பகலில் பள்ளி அலுவலகத்துக்கு வரலாம்; நிரப்பித் தர ஆசிரியர்கள் இருக்கின்றனர்.